பால்காரர் வண்டியும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே எழுதுகிறேன். வீடு முழுக்க அந்த நெடி. ஓடிவிட்டு வந்து உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒரே புட்டியிலிருந்து மாறி மாறித் தேய்த்துக்கொள்வோமே, அதே தைலம். நேற்று ஓடினேன்டி! காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போய்த் திரும்ப, முழு மாரத்தான், இந்த ஐம்பது வயதில்! முடித்தேனா என்று இப்போது சொல்ல மாட்டேன். எந்தக் கதையிலும் முடிவை முதலில் கேட்கிறவள் நீ. இந்த ஒரு தடவை பொறு.

முதல்நாள் பயிற்சி ஞாபகம் இருக்கிறதா? விடிந்தும் விடியாமல், சுடிதாரும் புது ஷூவுமாய் நாம் இருவரும் குன்றக்குடி சாலையில் ஓட, எதிரே வந்த பால்காரர் பதறிப்போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு? ஆஸ்பத்திரிக்கா போறீக? ஏறுங்க, விட்டுர்றேன்!" அவருக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர் வண்டியை நிறுத்தினார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு ஓட முடியவில்லை. "நம்மூர்ல பொம்பள ஓடுனா, ஒண்ணு பஸ்ஸ விட்டிருக்கணும், இல்ல யாராச்சும் இழுத்துக்கிட்டுக் கெடக்கணும். சும்மா ஓடுனா யாரு நம்புவா?" என்றாய்.

அந்த வருஷமே உனக்குப் புற்றுநோய் என்றார்கள். மதுரைக்கும் காரைக்குடிக்கும் பஸ்ஸில் அலைந்தோம். மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நீ வாந்தியெடுப்பாய், நான் கவரைப் பிடிப்பேன். ஒருநாள் குன்றக்குடி ஸ்டாப்பில் உன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து, "எறங்கிக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவமா?" என்று கேட்டேன். "வேணாம்டி. நடுவுல எறங்குனா மறுபடி ஏற மாட்டேன். வீடு வரட்டும்" என்றாய். பஸ் கிளம்பியதும், "எனக்குக் கவர் பிடிக்க நீ இருக்க. தனியா வர்றவுகளுக்கு யாரு இருக்கா? நோயாளிகளுக்குன்னே ஒரு வேன் வேணும். ஓடியே வாங்கிருவோம்" என்று சொன்னாய். சொல்லிவிட்டு, ஓட நீ இல்லாமல் போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வேனுக்காக மாரத்தான் ஓடப்போகிறேன் என்று சொல்லி ஊரில் பணம் கேட்டேன். மனசார நிறையப் பேர் கொடுத்தார்கள். பெரும்பங்கு தருவதாகச் சொன்ன அரிசி ஆலைக்காரர் மட்டும் கறாராக நின்றார், அவரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. "முழுசா ஓடுனாத்தான் தருவேன். நடுவுல வண்டியில ஏறுனீகன்னு தெரிஞ்சா கெடையாது." அவர் தராவிட்டால் வேன் இல்லை.

போகும்போது பறந்தேன்! பிள்ளையார்பட்டி விலக்கில் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு டீக்கடைக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு விசிலடித்தார். திரும்பும்போது, சொல்லிவைத்த மாதிரி குன்றக்குடியில், இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஹாரன் சத்தம். அதே பால்காரர்! "அக்கா, ஏறுங்க. ஒருத்தரும் பாக்கல. ஊருக்கிட்ட எறக்கி விட்டுர்றேன், அங்குட்டு இருந்து ஓடிக்கங்க."

என் கை பின்சீட்டைப் பிடித்தேவிட்டது. சத்தியமாக ஏறியிருப்பேன். ஆனால் எதிரே அந்த பஸ் ஸ்டாப் இருந்தது, நீ இறங்க மாட்டேன் என்ற இடம்.

"வேணாம்ப்பா" என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவுக நெறையப் பேரு இருக்காக. அதான் ஓடுறேன்."

அவருக்கு என்ன புரிந்ததோ, வண்டியை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடியே ஊர்வரை கூட வந்தார். நொண்டினேன், நடந்தேன், ஓடினேன், அழவும் அழுதேன். கடைசி ஆளாகத்தான் வந்தேன். ஆனால் முடித்துவிட்டேன்டி! மாலையோடு நின்ற ஆலைக்காரர், "வேனுக்கு என்ன கலரு அடிக்கலாம்?" என்று கேட்டார். உனக்குப் பிடித்த அரக்குக் கலரைச் சொன்னேன்.

வேன் முதல் தடவை மதுரைக்குப் போகும்போது நானும் போகிறேன். உனக்காக எடுத்துவைத்த கவர்களில் ஒன்று இன்னும் என் கைப்பையில் மடித்தபடியே இருக்கிறது. தனியாக வருகிறவர்களுக்குப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே.