அச்சில் மிச்சமான பேர்

வாசலுக்கு வருமுன்பே ரெசின் வாடையால் வந்தது தெரிந்துவிடும் என் அண்ணாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. காரியம் முடிந்ததும் உன் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார்கள். யார் வாங்குவார்கள்? அத்தனையும் பிசின் காய்ந்து அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தன. ஒன்றை மட்டும் கடைக்கு எடுத்து வந்து ஆணியில் மாட்டினேன். ஒருநாள் பால்காரர் வாசலில் நின்று அந்தச் சட்டைக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். நாளைக் காலை குப்பத்தில் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் நீ கேட்டுவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். குறுக்கே பேசாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் நாலு கம்பம் நட்டு, மேலே தகரம் போட்டு, அதற்குக் கம்பெனி என்று பேர் வைத்தாய். திருவிடந்தையில் ரோட்டோரம் என்னை ஒரு கடையில் உட்கார வைத்து அதை ஷோரூம் என்றாய். அந்த வெயிலில் பதிமூன்று வருஷம் உட்கார்ந்து உன் ஃபைபர் படகுகளை விற்றேன். கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவர்களெல்லாம் உன் படகுக்கு மாறினார்கள். சுனாமிக்குப் பிறகு நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் உன்னிடமும் வந்தார்கள். கண்ணாடி நார் மேட் மூன்று அடுக்கு வைத்தால் போதும், சீக்கிரம் வேண்டும் என்றார்கள். ஐந்துக்குக் குறைந்தால் என் பேர் போட மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாய். ஊரெல்லாம் இலவசப் படகு நிறைந்ததும் உன்னிடம் வாங்க ஆள் இல்லை. கம்பெனி அப்போதே பாதி மூடிவிட்டது. மீதி நீ போனதும் மூடியது.

கம்பெனி மூடினால் கதவு ஒன்றுதான் மூடும் என்று நினைத்திருந்தேன். எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? எஞ்சின் மாட்டுகிற பலகை ஆடுகிறது, அடியில் கீறல் விட்டிருக்கிறது என்று பழைய படகுக்காரர்கள் வந்தார்கள். உன் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு நேரே என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். "யாரு ஒட்டுவா தங்கச்சி?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? உன் பேர் போட்ட ஏழுமலை படகு இல்லை என்றால் கடைக்குள்ளேயே யாரும் நுழைவதில்லை என்று கோவளத்து ஏஜெண்டு போன் போட்டுப் புலம்பினான். புதுப்படகுக்குச் சொல்லிவைத்தவர்கள் வலையை வாங்கி வீட்டில் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள். அதில் உன் சிநேகிதர் கோதண்டம் அண்ணன் மருமகனும் ஒருவன்.

அவனுக்கான படகுதான் நீ போனபோது, மேட்டை உள்ளே அடுக்கி வார்க்கிற அச்சில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் நீ, எழுந்திருக்கவில்லை. இரண்டு அடுக்கு முடித்திருந்தாய். "நாளிக்கு மூணாவது" என்று சோற்றுக் கையோடு சொன்னாய். அதுதான் என்னிடம் நீ கடைசியாகப் பேசியது. ஏழு மாசம் அந்தப் பாதிப் படகு அச்சுக்குள்ளேயே காய்ந்து கிடந்தது.

அப்புறம் திருப்போரூர்ப் பக்கம் படகு செய்கிற ஒருவர் அச்சைக் கேட்டு வந்தார். அச்சு என்றால் உனக்கு உயிர். மெழுகு தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பாய். முன்பக்கத்தில் உன் பேரை மரத்தில் செதுக்கி உள்ளே பதித்திருந்தாய், ஒவ்வொரு படகும் உன் பேரோடு பிறக்கட்டும் என்று. வந்தவர் அதைத் தடவிப் பார்த்தார்.

"தேய்க்கிற கிரைண்டர் வெச்சு இந்தப் பேர எட்துட்றேம்மா. எனுக்கு எதுக்கு உங்க அண்ணன் பேரு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாணாம். அது இருக்கட்டும்" என்றேன்.

ஆமாம் அண்ணா, நான்தான் சொன்னேன். நீ போய்விட்டாய், உன் பேராவது கடலில் போய் வரட்டும் என்று ஆசைப்பட்டேன். நல்ல காரியம் செய்ததாக நினைத்து அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். அச்சை அவருக்கே விற்று, உள்ளே இருந்த பாதிப் படகையும் முடித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாளில் படகு பளபளவென்று என் கடை வாசலில் வந்து நின்றது. கோதண்டம் அண்ணன் மகள் வசந்தா புருஷனோடு லாரியில் வந்தாள். நீ வைத்திருந்த வழக்கம் அவளுக்குத் தெரியும். படகு வாங்க வருகிறவனின் பெண்டாட்டிதான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும் என்பாய். முன்னாலிருந்து பின்னால் வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். உள்ளே காற்று நின்றிருந்தால், அடுக்கு ஒட்டாமல் இருந்தால், சத்தம் பொத்தென்று மாறிவிடும். ஆம்பளைகள் சிரித்தால் விட மாட்டாய். "கடலுக்குப் போறவன் அவசரத்துல எல்லாம் நல்லாக்கீதும்பான். கரையில குந்திகினு காத்துக்கினு கீறாளே, அவ தட்டட்டும்" என்பாய்.

வசந்தா கையை மடக்கிக்கொண்டு படகுப் பக்கம் போனாள். "லாரி நிக்குது பாரு, நேரமாவுது, கிளம்பு கிளம்பு" என்று நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

லாரிக்காரனுக்கு ஒரு அவசரமும் இல்லை. அவன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். காய்ந்துபோன மேட் மேல் புது மேட் வைக்க வேண்டுமென்றால் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று நீ ஆயிரம் தடவை கத்தியிருக்கிறாய். அந்த ஆள் தேய்த்தாரா என்று நான் கேட்கவில்லை. அவள் தட்டினால் தெரிந்துவிடுமே என்று எனக்குப் பயம்.

எட்டு மாசம் ஓடியது. ஒருநாள் காலை கரைக்குத் திரும்பும்போது அலையில் விழுந்த அடியில் முன்பக்கம் பிளந்துவிட்டது. வசந்தா புருஷனும் கூட்டாளியும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள், வேறொரு படகு பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஆனால் வசந்தா புருஷனுக்கு இடது தோள் போய்விட்டது. இப்போது வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருக்கிறான்.

மறுநாள் கோதண்டம் அண்ணன் கடைக்கு வந்தார். உன்னோடு ஒரே தட்டில் நாஸ்தா தின்ற மனுஷன். உடைந்த முன்பக்கத் துண்டை என் மேஜை மேல் வைத்தார். அதில் உன் பேர் முழுசாக இருந்தது.

"செத்தவன பேசக்கூடாது தங்கச்சி. ஆனா உங்க அண்ணன் கடசில என்னியே ஏமாத்திட்டான். எம்பொண்ணு தாலிய அத்துருப்பான்."

துண்டின் ஓரத்தைப் பார்த்தேன். உன் இரண்டு அடுக்கு தனியாக, பின்னால் வைத்த ஒரே ஒரு அடுக்கு தனியாக வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நடுவில் என் விரல் போனது. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "டீ சொல்லட்டுமாண்ணே?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். தன்னுடைய பழைய படகில் இருந்த உன் பேர் மேல் தார் பூசிவிட்டார் என்று மறுவாரம் கேள்விப்பட்டேன். பன்னிரண்டு வருஷமாக அவரைச் சுமக்கிற படகு அது, நீ செய்தது.

அந்தத் துண்டு என் மேஜைக்கு அடியில்தான் கிடக்கிறது. காற்று அடித்துத் தகரம் ஆடினால் யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி இருக்கிறது. எழுந்து போய்ப் பார்ப்பேன், யாரும் இருக்க மாட்டார்கள். கரைக்குப் போனாலும் நிம்மதி இல்லை. புதுசாக ஒரு படகு நிற்கும், முன்பக்கத்தில் ஏழுமலை என்று இருக்கும். நீ தொடாத படகு. நீ செத்த பிறகு பிறந்த படகு. உடைந்தது போக அந்த அச்சிலிருந்து இதுவரை பதினொன்று வந்திருக்கிறது. நாலு சதுரங்கப்பட்டினத்தில், மற்ற ஏழும் மேலே கோவளம் வரைக்கும். ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. உனக்கும் அங்கே கேட்கிறதா, கரையில் உன்னைத் திட்டுவது?

போன வாரம் ஒரு சின்னப் பெண் கடைக்கு வந்தாள், வயிற்றில் ஆறு மாசம். கோவளத்துக் கடையில் ஏழுமலை படகு இரண்டு நிற்கிறதாம், புருஷன் ஒன்றைப் பேசிவைத்துவிட்டானாம். "தட்டிப் பாத்துத்தான் வாங்கணும்னு எங்க மாமியா சொல்லிச்சுக்கா. எப்டி தட்றது? சொல்லிக் குடேன்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அதை வாங்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். அப்போதுதான் முதல் தடவையாக ஒருத்தியிடம் உண்மையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

நாளைக்கு எல்லாரிடமும் சொல்ல வேண்டும். கடைக்கு இனிமேல் யாரும் வராமல் போகலாம். போகட்டும்.

*

மேலே எழுதியது முந்தாநாள். இப்போது என் விரலெல்லாம் அரிக்கிறது, எழுத்து கோணல்மாணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

நேற்றுக் காலை படகுகள் கரையேறியதும் சதுரங்கப்பட்டினம் குப்பத்துக் கோயில் பக்கத்தில் நின்று சொன்னேன். அச்சை விற்றது நான், பேரை எடுக்க வேண்டாம் என்றது நான், வசந்தா தட்ட வந்தபோது தடுத்ததும் நான், என் அண்ணன் செத்து ஏழு மாசத்துக்கு அப்புறம் முடித்த படகு அது என்று சொன்னேன். உடைந்த துண்டைக் காட்டினேன்.

ஏச்சு வாங்கினேன். "பேர பாத்துத்தானம்மே வாங்குனோம்! இப்ப வந்து சொல்றியே!" என்று ஒருவன் மணலை வாரி என் காலடியில் எறிந்தான். கிரைண்டரை எடுத்துப் பேரைத் தேய்த்துவிடுகிறேன் என்றதும் இன்னும் கோபம். "பேரு போச்சுன்னா நாளிக்கு இத்த எவன் வாங்குவான்?" என்றார்கள். அதுவும் நியாயம்தானே?

வசந்தா முன்னால் வந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்தில் நின்ற படகுக்குப் போய்க் கையை மடக்கித் தட்ட ஆரம்பித்தாள். டக், டக், டக் என்று வந்த சத்தம் நடுவில் பொத்தென்றது. அந்தப் படகுக்காரன் பெண்டாட்டி ஓடிவந்து தானும் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் கரையில் இருந்த பெண்களெல்லாம் அவரவர் படகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், உன் பேர் இருந்ததையும் இல்லாததையும். ஆம்பளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இத்தனை நாள் தகரத்தில் கேட்டேனே, அதே சத்தம்தான். ஆனால் எனக்குப் பயமாக இல்லை.

அந்த அச்சில் பிறந்த நாலு படகில் மூன்று பொத்தென்றன. ஒன்று நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் நீ செய்யாதது, அதிலும் எடுத்துவிடு என்று அந்த வீட்டுக்காரியே சொல்லிவிட்டாள். மற்ற மூன்று பெண்களும் இந்தப் படகு இனிமேல் இறங்காது என்று புருஷன்மாரிடம் சொல்லிவிட்டார்கள். கடை ஆணியிலிருந்து எடுத்துப் போயிருந்த உன் சட்டையைப் போட்டுக்கொண்டு நாலிலும் தேய்த்தேன். உன் பேர் வெள்ளைத் தூளாகப் பறந்து என் தலையெல்லாம் ஒட்டிக்கொண்டது. கண்ணீரில் ஊறி முகமெல்லாம் எரிந்தது. நீ எப்படி அண்ணா இதைப் பதிமூன்று வருஷம் தாங்கினாய்?

முடித்துவிட்டு நிமிர்ந்தால் கோதண்டம் அண்ணனைக் காணோம். தூரத்தில் தன் பழைய படகுக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார். மீன் வெட்டுகிற கத்தியால் தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கிட்டே போனேன். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"உன்ன நான் மன்னிக்கல" என்றார். "இவன்கிட்டத்தான் மன்னிப்பு கேக்கணும், அதான் சுரண்டிகினு கீறேன்."

நான் அங்கிருந்து கிளம்பும்போது பாதிப் பேர் வெளியே தெரிந்தது.

சாயந்திரமே திருப்போரூர் போனேன். என் அண்ணன் பேரில் இப்படி விற்கலாமா என்று அந்த ஆளைக் கேட்டேன். "நாந்தான் எடுக்குறேன்னேன். நீதானம்மா வாணாம்ன" என்றார். உண்மைதானே. கிரைண்டருக்குக் கரண்டு கொடுத்தார். அச்சுக்குள் இறங்கி உன் பேரை நானே எடுத்தேன். நீ செதுக்கிய மரத்தில் கடைசி எழுத்து மட்டும் உடையாமல் கழன்று வந்தது. அது என்னிடம் இருக்கிறது.

இன்னும் ஏழு படகு பாக்கி. ஒவ்வொரு குப்பமாகப் போவேன். ஏச்சு வாங்குவேன், வாங்கிக்கொண்டே தேய்ப்பேன். எந்தப் பெண் தட்ட வந்தாலும் இனிமேல் அவள் கையைப் பிடிக்க மாட்டேன். நீ செய்யாத படகில் உன் பேர் கடலுக்குப் போகாது. இது உன் மேல் சத்தியம்.

உன் பேரைத் தன் கையாலேயே அழித்துக்கொண்டிருக்கிற
உன் தங்கச்சி,
மல்லிகா