பொழுது சாயும் பக்கம்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்
1973 டிசம்பர்

அன்பு மகன் இக்னேஷியசுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. கோவா துறைமுகத்தில் உனக்கு வேலையும் சாப்பாடும் ஒழுங்காக நடக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். அப்பா கடலுக்குப் போய்வருகிறார், தங்கச்சி ஆலிசுக்கு இருமல் குறைந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் லீவுக்கு தோஸ்துகளோடு ஹிப்பிகள் கூத்தடிக்கும் அஞ்சுனா கடற்கரைக்குப் போவதாக எழுதியிருந்தாய். நம்ம கல்மண்டபம் சிலுவையம்மாள் மகன், லாரி ஓட்டுகிற அருள்நாதன், போன மாதம் அங்கேதான் செத்துப்போனான்.

அவனோடு லாரியில் போன ஹுமாயூன் வந்து அழுதுகொண்டே சொன்னதை எழுதுகிறேன். லோடு இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கப் போனார்களாம். எவனோ ஒரு வெள்ளைக்காரன் கிளாஸை நீட்டியிருக்கிறான், உள்ளே என்ன எழவைக் கலந்திருந்தானோ, இவன் வாங்கிக் குடித்துவிட்டு சாயங்காலம் கடலில் இறங்கிவிட்டான். ஆழத்துக்குப் போனதும் தலை சுற்றித் திசை தெரியவில்லை. கடலில் தடுமாறினால் பொழுது சாயும் பக்கம் நீந்து, கரை வந்துவிடும் என்று நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லித்தானே வளர்க்கிறோம், அவன் அதைத்தான் செய்தான். அங்கே பொழுது கடலுக்குள் அல்லவா சாய்கிறது. இந்தாண்ட வாடா, இந்தாண்ட என்று ஹுமாயூன் தொண்டை கிழியக் கத்தியும் சூரியனைப் பார்த்தே போனானாம். பிறகு வேறொரு கரையில் ஒதுங்கினவனை அங்கேயே புதைத்துவிட்டார்கள், பெற்றவளால் ஒரு பிடி மண் போடக்கூட முடியவில்லை.

உன் அப்பாவிடம் புலம்பினால், கடல்ல வளந்த பையன், அவனுக்கு இன்னா ஆவப் போவுது என்கிறார். அருள்நாதன் மட்டும் என்ன மலையிலா வளர்ந்தான். போகாதே என்றால் நீ கேட்க மாட்டாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. போனால் உன் கண் முன்னால் திறக்காத பாட்டிலைத் தொடாதே, அவர்கள் கைமாற்றும் கஞ்சாவை வாங்காதே, தங்குகிற வீட்டுக்காரம்மாவிடம் எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ. ஒரு வாய் குடித்திருந்தாலும் தண்ணீரில் கால் வைக்காதே.

நேற்று சிலுவையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுது அழுது கண்ணீர் வற்றிவிட்டது அவளுக்கு. எம் புள்ள சாவப் போவல பிலோமி, வூட்டுக்குத்தான் வந்துகினு இருந்தான் என்றாள்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். அங்கே கரை கிழக்கே இருக்கிறது மகனே.

இப்படிக்கு,
உன் அம்மா பிலோமி