மிஷினுக்கும் உன் பேர்தான், மச்சான்

வெற்றிலை வாயோடு சிரிக்கும் என் மச்சான் தனபாலுக்கு,

மேலே போயும் நீ சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாய். எவன் தட்டில் சட்னி தீர்ந்தது என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பாய். கை ஓய்ந்த நேரத்தில் இதைப் படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் ஓட்டலில் ஒரு மிஷினுக்கு உன் பேரை வைத்துவிட்டோம்.

விளையாட்டாகத்தான் வைத்தோம். ஆடி மாதம் முதலாளி அதைக் கொண்டுவந்து இறக்கினார். நெஞ்சு உயரம், நாலு அடுக்கு, கீழே சக்கரம். தோசையை வைத்து டேபிள் நம்பரை அழுத்தினால் தானாகப் போய் நிற்கிறது. போகிற வழியெல்லாம் "சூடா வருது, வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே போகிறது. இருபது வருஷம் இதே மாடவீதி ஓட்டலில் நானும் நீயும் சப்ளையராக ஓடினபோது நீ கத்திய அதே கத்தல். கேட்டதும் "தனபால் வந்துட்டான்டா" என்று என் வாய்தான் முதலில் உளறியது. அன்றிலிருந்து அது தனபால்தான்.

உன் தங்கச்சி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. செத்தும் எங்கண்ணனை இட்லி தூக்க வைக்கிறீர்களே என்று ராணி பொருமினாள். அப்புறம் ஒருநாள் ஓட்டலுக்கு வந்தாள். அது வழி விடச் சொன்னதும் ஒதுங்கி நின்று, நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணன் மாதிரி வெடுக்கென்று பேசவில்லை என்றாள்.

சிரித்தேனே தவிர, அன்றைக்கே வேறு வேலை தேடக் கிளம்பிவிட்டேன். தீபாவளி வரை பார்ப்பது, மிஷின் ஒத்துவந்தால் மூன்று சப்ளையரில் ஒருவரை நிறுத்திவிடுவது என்று முதலாளி சொல்லியிருந்தார். மூன்று பேரில் முட்டிவலிக்காரன் நான் ஒருவன்தான். தி.நகர் துணிக்கடை ஒன்றில் லிப்ட் இயக்கும் வேலை கேட்கலாமென்று போனேன். அங்கே லிப்டே பேசுகிறது. அடையாறில் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு வாட்ச்மேன் வேலை கேட்டுப் போனேன். கார் வந்தால் கேட்டே திறந்துகொள்கிறது. ஐம்பத்தாறு வயதில் நான் எங்கே போவேன், சொல்.

ஆனால் தனபாலுக்கு ஒரு குறை உண்டு. சாம்பார் ஊற்றத் தெரியாது. நம் ஆட்கள் இட்லியைச் சாம்பாரில் முக்காமல் சாப்பிடுவார்களா? ஒரு பெரியவர் அதை நிறுத்தி, "தம்பி, இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று கேட்டார். அது "நன்றி, மீண்டும் வருக" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டது. அதனால் அது முன்னே போக, நான் வாளியோடு பின்னே போவேன்.

இப்படியே ஆயுத பூஜை வந்தது. நீ இருந்தவரை கிரைண்டரிலிருந்து பில் மிஷின் வரை எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பது உன் வேலை. நீ போன பிறகு அது எனக்கு வந்தது. தனபாலையும் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, நெற்றியில் குழைத்த சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்தேன். என் வேலைக்கே உலை வைக்க வந்ததுதான். அதற்காகப் பொட்டில்லாமல் விடமுடியுமா?

மறுநாள் விஜயதசமி. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வந்த குடும்பம், கோயில் கூட்டம் என்று உட்கார இடமில்லை. சுவிட்சைப் போட்டதும் தனபால் இரண்டடி நகர்ந்து கூடத்தின் நட்டநடுவில் நின்றுவிட்டது. எதிரே ஈ காக்கை இல்லை. ஆனாலும் "வழி விடுங்க, வழி விடுங்க" என்று ஒரே கூப்பாடு.

முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "வேணும்னே ஏதாவது பண்ணியா கோதண்டம்?" என்றார், அத்தனை பேர் முன்னால். சத்தியமாக எனக்கு அழுகை வந்துவிட்டது, மச்சான். ஆனால் அழ ஏது நேரம்? உன்னைப் போலவே இடக்கையில் ஆறு தோசையை அடுக்கிக்கொண்டு ஓடினேன். வேறு வழியில்லாமல் முதலாளியே சாம்பார் வாளியைத் தூக்கினார். நாலாவது டேபிளிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு மிஷின் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தது. பையைக்கூடத் திறக்கவில்லை. ஈரத்துணியால் பொட்டைத் துடைத்துவிட்டு, "அங்கிள், இது நெத்தி இல்ல. கண்ணு" என்றது. நான் பொட்டு வைத்தது கேமராவின் மேல். சமையல்கட்டே விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேணும்னே பண்றவன் இவ்ளோ அழகா, வட்டமா வெக்க மாட்டான்யா" என்றார். சாம்பாருக்கு ஆள் வேண்டும், அதனால் சப்ளையர் மூன்று பேரும் இருக்கட்டும், மிஷின் இனி எச்சில் தட்டு எடுக்கட்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது. துள்ளாத குறையாக வெளியே வந்தேன்.

வாசலில் வள்ளி நின்றிருந்தாள். உன் காலத்திலிருந்து தட்டு எடுக்கிறாளே, அதே பட்டினப்பாக்கத்து வள்ளிதான். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "அப்போ நான் இன்னாண்ணே பண்றது?" என்று கேட்டாள், மெதுவாக.

அந்த நேரம் பார்த்து அவளைத் தாண்டி மிஷின் போனது. சமையல்கட்டிலிருந்து எவனோ "ஏய் தனபால்" என்று கூப்பிட்டான். எனக்குச் சுருக்கென்றது. பசியோடு வந்த ஒருவனையும் நிற்க வைக்காதவன் பேரை, ஒருத்தியின் பிழைப்பைப் பறிக்கிற மிஷினுக்கு வைத்துவிட்டேன் பார்த்தாயா?

திரும்பி முதலாளியிடமே போனேன். என் முட்டி வாளியைத் தாங்காது, நான் தோசை மட்டும் தூக்குகிறேன், வள்ளி சாம்பார் ஊற்றட்டும் என்றேன். பொம்பளை பரிமாறினால் கஸ்டமர் என்ன சொல்வார்களோ என்று இழுத்தார். "உங்க ஊட்ல உங்களுக்கு யாரு ஊத்றது, மொதலாளி?" என்று கேட்டேன். வள்ளியைக் கூப்பிட்டு வாளியைக் கையில் கொடுத்தார்.

இப்போது நீ பார்க்க வேண்டும், மச்சான். வள்ளி கேட்காமலே இரண்டாம் முறை ஊற்றுகிறாள். இட்லி மிதக்கிறது. முதலாளி கல்லாவிலிருந்து பல்லைக் கடிக்கிறார். அந்தப் பெரியவர் மிஷினைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி கொடுக்கும்போது முதலாளி "இந்த வருஷம் யாரும் போக வேணாம்" என்றார். அந்த "இந்த வருஷம்" இன்னும் என் காதில் நிற்கிறது. அடுத்த வருஷம் என்ன சொல்வார்? தெரியவில்லை. தெரிந்தால் நீயாவது கனவில் வந்து சொல்.

அடுத்த ஆயுத பூஜைக்குத் தனபாலுக்கு முதுகில் பொட்டு வைக்கிறேன், வள்ளியின் வாளிக்கு முகப்பில் வைக்கிறேன். எனக்குத் தெம்பு இருக்கிறவரை, உன் பேரை வைத்துக்கொண்டு அது யார் வயிற்றிலும் அடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு இன்னும் திட்டு வாங்கும்,
உன் மச்சான்
கோதண்டம்