சிவப்பு மேலாடை

மார்ச் 3, செவ்வாய்
நான் தலைமை நர்ஸாக இருக்கும் வார்டில் சின்ன சிஸ்டர் ஒரு நோயாளிக்கு இன்சுலினைப் பத்து மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டாள். உடனே தெரிந்ததால் குளுக்கோஸ் ஏற்றி நோயாளியைக் காப்பாற்றிவிட்டோம். பெரிய டாக்டருக்கு அது போதவில்லை. "அந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்புங்க. தப்பு தானா நின்னுடும்."

நிற்குமா? அவள் மருந்தை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது, ஒருவர் போர்வை கேட்டார், இன்னொருவர் அலமாரிச் சாவி கேட்டார். அந்த இடத்தில் யார் நின்றாலும் கை தடுமாறும். இதைப் பொறுமையாகச் சொல்ல நினைத்தேன். கத்திவிட்டேன். ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் வார்டில் மருந்துத் தப்பு குறையாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

மார்ச் 6
மருந்து எடுக்கும்போது சிவப்பு மேலாடை. போட்டிருப்பவரிடம் யாரும் பேசக்கூடாது. இவ்வளவுதான் என் மகா கண்டுபிடிப்பு! "ட்ராஃபிக் போலீஸ் வந்தாச்சு" என்று வார்டே சிரிக்கிறது.

மார்ச் 11
பேசாதே என்றால்தான் எல்லோருக்கும் பேச்சு வருகிறது. சின்ன சிஸ்டர் அழுதாள். "கைய காட்டி நிறுத்தினா திமிருங்கறாங்க மேடம்." நல்லது செய்யப் போய் நானே இவள் வேலைக்கு உலை வைக்கிறேனா?

மார்ச் 17
மூட்டு ஆபரேஷனுக்காக அம்மா நம் வார்டில். வாய் ஓயாத அம்மா. வந்ததும் புகார்: "அந்தச் செவப்பு சட்டைக்காரி ஊமையாடி? எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல!"

"அவ எடுத்தது உன் ஊசிம்மா. பேச்சுல மருந்து மாறிப்போனா உன் உடம்புக்குத்தான் கேடு."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து நான் பார்க்காத காட்சி.

மார்ச் 18
ஒன்றுமில்லை. தூங்கினேன்.

மார்ச் 20
ரவுண்ட்ஸ். பெரிய டாக்டர் நுழைந்ததுமே, "சிஸ்டர், எக்ஸ்ரே எங்க?"

சின்ன சிஸ்டர் சிவப்பில் இருந்தாள், ஒரு கையில் சிரிஞ்ச். மறு கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள்.

"உங்களத்தான் கேக்கறேன்!"

நான் வாய் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அம்மா: "ஏன் டாக்டர், செவப்பு போட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க!"

நின்றார். மருந்தை எடுத்து, இன்னொரு சிஸ்டரிடம் காட்டிச் சரிபார்த்து முடிக்கும்வரை நின்றார். சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு அழுகை வந்தது.

ஏப்ரல் 4
மாதம் முடிந்தது. தப்பு அடியோடு ஒழியவில்லை. பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. சின்ன சிஸ்டருக்கு வேலை இருக்கிறது. குழந்தைகள் வார்டிலும் மேலாடை கேட்கிறார்கள்.

இன்று பெரிய டாக்டர் வாசலிலேயே சிவப்பைப் பார்த்து நின்றுவிட்டார். என் காதருகே குனிந்து, "முடிஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்ல சார்."

கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.