புகை காட்டிய விதைகள்

அன்புள்ள லெனோராவுக்கு,

நீயும் சின்னவளும் நலமா? உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? ஜோகன்னஸ்பர்க்கில் குளிர் தொடங்கிவிட்டது, மற்றபடி எனக்கு ஒன்றுமில்லை.

நம் மலையில் நீ பொறுக்கி அனுப்பிய புரோட்டியா பூச்செடி விதைகளைத் தட்டுகளில் விதைத்தேன். அந்தச் செடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம் என்பதால்தான் நான் தோட்டவேலை பார்க்கும் இந்தக் குடியிருப்பின் பணக்காரர்கள் கேட்டார்கள். மிச்சமாகும் தண்ணீர் அவர்களுடைய நீச்சல்குளத்துக்கு. நீயோ தெருக்குழாயில் வரிசையில் நிற்கிறாய். விதை முளைத்தால் தோட்டக்காரர் வீடு எனக்கு, உங்களையும் அழைத்துவந்து வைத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார் அல்லவா?

காட்டுத்தீயின் புகை பட்டால்தானே அது முளைக்கும்? நம் ஊரில் செய்வதுபோலக் காய்ந்த புதரைப் பீப்பாயில் கொளுத்தி, தட்டுகளைச் சாக்கால் மூடிப் புகை காட்டினேன். காவலாளிகள் தீயணைக்கும் உருளைகளோடு ஓடிவந்து எல்லாவற்றிலும் நுரையை அடித்துவிட்டார்கள்.

"யோவ், கறி சுடுறதுன்னா எங்களையும் கூப்பிட்டிருக்கலாமே!" என்று சிரித்தான் காவலாளிகளில் ஒருவனான மண்ட்லா.

மேனேஜர் சிரிக்கவில்லை. "விதைக்குத் தண்ணி ஊத்துவாங்க. நீ தீ வைக்கிறியே, பைத்தியமா உனக்கு?" என்றார். தட்டுகளைக் குப்பையில் கொட்டச் சொன்னார்.

முன்பே அவரிடம் சொல்லியிருக்கலாம். உலை வைப்பதற்கு யாரிடமாவது கேட்போமா? அப்படித்தான் நினைத்துவிட்டேன்.

வேலை போகவில்லை, பயப்படாதே. கனத்த காலுறையும் கொஞ்சம் கருவாடும் அனுப்பு. எட்டுப் பேர் படுக்கும் அறை, கருவாட்டு வாசத்துக்குத் திட்டுவார்கள், பரவாயில்லை.

கடிதத்தைக் கொண்டுவரும் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அந்தத் தோட்டக்காரர் வீட்டுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கட்டிவைத்த பெட்டிகளைப் பிரித்துவிடு, லெனோரா. சின்னவள் நம் ஊர்ப் பள்ளியிலேயே படிக்கட்டும்.

உன்,
எல்ரிக்கோ