அணைத்து வைத்த மெஷின்

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை எழுதுவது.

அப்பாவுக்கு மூச்சு முட்டுவதற்கு நீதான் காரணம். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

நம் ஊரில் ரேடியோ தொலைநோக்கி வைக்கலாம் என்று இடம் காட்டியது நீ. ஆள் நடமாட்டமே இல்லாத பகுதி என்று எழுதிக் கொடுத்தாயாம். அப்படியானால் நாங்கள் யார்? அதற்கு இடைஞ்சல் என்று செல்போன் கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, ஆம்புலன்சைக் கூப்பிட அவள் புருஷன் பைக்கில் மலையிறங்கிப் போனார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, உங்கள் புண்ணியத்தில் இல்லை. முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய காலத்து ரேடியோ அலையைக் கேட்க அமைதி வேண்டும், சரி. அதற்கு ஏன் எங்கள் வாயைத்தான் பொத்த வேண்டும்? நீ இருக்கும் நகரத்தில் லிஃப்டுக்குள்ளும் சிக்னல் கிடைக்கிறதே.

விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோ இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடும் உங்கள் ஜீப், கூரையில் ஆன்டெனாவோடு தெருத்தெருவாகச் சுற்றி, நம் வீட்டு வாசலில் வந்து நின்றது. உங்கள் தொலைநோக்கிப் பதிவில் ஏதோ புதிதாகத் தெரிந்ததாமே. அதுதான் முதல் நட்சத்திரம் என்று ஆளாளுக்குத் தூக்கம் கெட்டுக் கிடந்தீர்களாமே. அது அப்பா மூச்சிரைப்புக்கு மருந்து இழுக்கும் மெஷின். பழைய மோட்டார், ஓடும்போது அதுவும் ரேடியோ இரைச்சல் கிளப்புமாம். ஜீப்பில் வந்த பொறியாளர் சிரித்துவிட்டார், நானும்தான். அப்பா சிரிக்கவில்லை. பையன் வேலையைக் கெடுத்துட்டேனே என்று மட்டும் சொன்னார்.

இரைச்சல் கிளப்பாத வேறு மெஷின் தருகிறோம், அது வரும்வரை பகலில் போடுங்கள், இரவில் மட்டும் வேண்டாம் என்று பொறியாளர் தன்மையாகத்தான் கேட்டார். அப்பாவுக்கு இரவில்தான் இழுக்கும் என்று உனக்குத் தெரியாதா?

இப்போது பகலிலும் அதைத் தொடமாட்டேன் என்கிறார். நான் ஸ்விட்சைப் போட்டால் எழுந்து வந்து அணைக்கிறார். நீ பரீட்சைக்குப் படிக்கும்போது டிவியை அணைப்பாரே, அதே முகம். உனக்கென்னடி தெரியும், அவன் எவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்டுக்கிட்டிருக்கான் என்று அதட்டுகிறார். அதட்டி முடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். கேட்டால், சும்மா நின்னேன் என்கிறார்.

என் பேச்சு அவரிடம் எடுபடாது. புது மெஷின் வரும்போது வரட்டும், நட்சத்திரமும் எங்கேயும் ஓடிவிடாது. நீ உன் கையால் அவருக்கு எழுது. மெஷினைப் போடுங்கப்பா, என் வேலை ஒன்றும் கெடாது என்று எழுது. பொய்யாக இருந்தாலும் எழுது. தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: எழுதுவாயா, மாட்டாயா?