பட்டப்பகல் ரயிலும் இரண்டு பத்திரிகைகளும்

ஆம்பூர். பங்குனி, வெள்ளிக்கிழமை.

மேடைதோறும் விதவை மறுமணத்தை ஆதரித்துப் பேசியவர் அப்பா. விதவையான நான் தோல் மண்டிக் கணக்கரை மணந்துகொண்டதும், என்னை நள்ளிரவில் கடத்திவிட்டார்கள் என்று அவர் கட்சிப் பத்திரிகை எழுதியது. அப்பா அடித்து விரட்டினார் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகை எழுதியது. இன்று இரண்டு நிருபர்களும் தோல் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு என் வாசலில் நின்றார்கள்.

"கடத்தனாங்கன்னு ஒரு வார்த்த சொல்லும்மா, அப்பா மானம் நிக்கும்," என்றார் ஒருவர்.

"இன்னா அடி அடிச்சாருன்னு சொல்லும்மா, ஊரே உன் பக்கம்," என்றார் மற்றவர்.

"காட்பாடியில பட்டப்பகல்ல ரயிலேறி நானாத்தான் வந்தேன். டிக்கெட்டும் நான்தான் வாங்கினேன். போட்டுக்குங்க," என்றேன்.

அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இருவரும், ஒரு வரியும் எழுதாமல், சேர்ந்தே பென்சிலைக் காதில் செருகினார்கள்.

அப்பா, உங்கள் பேச்சை உண்மையென்று நம்பியது நான் ஒருத்திதான்.